பதினேழாம் கட்டம்

நாற்பது மீட்டர் கயிறு.
நான்கு முளைக்குச்சி, நீலச் சாயம்,
நனைந்தாலும் கிழியாத தாள்.
ஆக்ரேயின் காட்டை அளக்க
எங்களிடம் இருந்தது இவ்வளவுதான்.

இடத்தை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.
நகரத்து அறையொன்றில்
ஜுசிலேனி கணினியைத் தட்ட
அறுபது புள்ளிகள் விழுந்தன
யார் முகமும் பாராமல்.
மூன்று ஆற்றுக்குள்.
ஒன்று ஒசிமாரின் மைத்துனன் மாட்டுப்பட்டியில்.
“பசுவுக்கும் பத்தி இருக்கிறதா?” என்று கேட்டான்.

கயிற்றுக்குள் வேர் இருந்தால் எங்கள் கணக்கு.
வெளியே முளைத்து உள்ளே சாய்ந்தது
எவ்வளவு அழகானாலும் அயலார்.
உள்ளே முளைத்து வெளியே போய்
ஏதோ மரத்தின் தோளில் கிடப்பது நம்முடையது.
கயிற்றின் மேலேயே நின்றால்?
வடக்கும் கிழக்கும் சேர்த்தி,
தெற்கும் மேற்கும் தள்ளுபடி.
இதை எழுதி வைத்தவர்
எங்கோ ஒரு பாகப்பிரிவினையில்
அடிபட்டவராக இருக்க வேண்டும்.

குருத்து, இளசு, முற்றல், காய்ந்தது.
கத்தியின் முதுகால் ஒசிமார் தட்டுவான்,
ஓசையிலேயே வயது சொல்வான்.
நான் கோடு இழுப்பேன்,
நான்கு நேராக, ஐந்தாவது குறுக்கே.
சில கணுக்களுக்குள் தண்ணீர் இருந்தது. குடித்தோம்.
அதற்குப் பத்தி இல்லை.

பதினேழாம் புள்ளி முள்ளுக்குள் விழுந்திருந்தது.
உள்ளே போக விடும், திரும்பினால் பிடிக்கும்,
கொக்கி போல் வளைந்த மூங்கில் முள்.
மணி மூன்று. மேகம்.
பன்னிரண்டு எட்டு மேற்கே
வெளிச்சம், நேரான கழைகள்.
“அங்கேயும் காடுதானே, அடல்ஜீசா.”
கட்டினோம். எண்ணினோம்.
நாற்பத்து மூன்று.
கையெழுத்துப் போட்டேன்.

இரவு வலைத்தூளியில் புரண்டேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்,
சரி, துழாவிய பானைக்கு.
காட்டை யார் துழாவினார்கள்?
மேலாக இருந்த பருக்கையை எடுத்து
அடிப்பிடித்ததற்கும் சாட்சி சொல்ல வைத்திருக்கிறேன்.
அந்த நாற்பத்து மூன்று
நாற்பத்து மூன்றாகவே நிற்கப் போவதில்லை.
அறையில் ஒவ்வொன்றும் ஆயிரங்களாகப் பெருகும்,
எத்தனை வெட்டலாம் என்று ஒருவர் உத்தரவு எழுதுவார்,
ஒருநாள் லாரி வரும்
நான் போகாத இடத்துக்கு
இல்லாத மூங்கிலைத் தேடி.

விடிந்ததும் திரும்பினோம்.
ஒசிமார் பேசவில்லை, வழி வெட்டினான்.
பன்னிரண்டு எட்டுக்கு இரண்டு மணி நேரம்.

முள் வெறும் சுவர்தான்.
உள்ளே
வானம்.

பூத்து முடிந்திருந்தது.
ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டு பொறுத்து
ஒரே முறை பூத்து
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்து
சாம்பல் நிறத்தில் கிடந்தது மொத்தமும்.
மண்ணுக்கடியில் கைகோத்தவை,
எது ஒன்று, எது இரண்டு என்று
அவற்றுக்குத் தெரிந்திருக்காது.

குருத்து இல்லை. இளசு இல்லை. முற்றல் இல்லை.
“அப்போ காலியாக விட்டுவிடு” என்றான்.
காலி வேறு, பூஜ்யம் வேறு.
காலி என்றால் நாங்கள் வரவில்லை.
மூன்று பூஜ்யம் போட்டேன்
வட்டம் முழுதாக மூடும்படி.
காய்ந்தது அறுபத்தொன்று.

அதற்குப் பிறகுதான் காலடியைக் கவனித்தோம்.
புல் என்று மிதித்தது புல் இல்லை.
ஒன்றுக்கு ஒன்று மீட்டர் குச்சி பதித்து
ஒசிமார் முட்டி போட்டான்,
நாற்றுகளை விரலால் விலக்கி விலக்கி,
மூக்கு ஈரமண்ணை உரச.
நூற்றுப் பத்தில் எறும்பு கடித்தது.
கெட்ட வார்த்தை ஒன்று,
மறுபடியும் ஒன்றிலிருந்து.

இருநூற்று ஆறு.

நேற்றைய தாளை நான் கிழிக்கவில்லை.
குறுக்கே எழுதினேன்:
தவறான இடம்.
பன்னிரண்டு எட்டு மேற்கே.
காரணம்: முள், மேகம், அடல்ஜீசா.